சிலேட்டுச் சித்திரமும் வண்ணப் பென்சிலும்

1970களில் தமிழ்நாட்டு ஊராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் குழந்தை வரைந்த படத்துக்கு ஆயுள் மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். மரச்சட்டம் போட்ட சிலேட்டில் பல்பத்தால் வரைந்த கோழியும் கோயில் கோபுரமும் அடுத்த கூட்டல் கணக்கு வந்ததும் அழிந்துபோகும். அழிப்பதற்குக் கோவை இலை. அது கிடைக்காவிட்டால் ஈரத்துணி. அதுவும் இல்லாவிட்டால் எச்சில் தொட்ட விரல். எழுத்துக்கும் கணக்குக்கும் படத்துக்கும் இருந்தது அந்த ஒரே பலகைதான். அன்றைய குழந்தைகள் எதைக் கவனித்தார்கள், அம்மாவை எவ்வளவு பெரிதாகவும் வீட்டை எவ்வளவு சிறிதாகவும் வரைந்தார்கள் என்று காட்ட ஒரு சான்றும் மிஞ்சவில்லை.

இன்று அதே பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் குழந்தையின் படம் தாளில் இருக்கிறது. வகுப்பறைக் கம்பியில் தொங்குகிறது, ஆசிரியரின் கைப்பேசியில் ஒளிப்படமாகிறது, மாலைக்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விடுகிறது. நன்றாக அமைந்தால் போட்டிக்குப் போகிறது. சில வேளை இதழில் அச்சாகிறது. அழியாமல் இருப்பதற்கு இத்தனை வழிகள் முன்பு எந்தக் குழந்தையின் படத்துக்கும் இருந்ததில்லை.

இடையில் ஏறத்தாழ 50 ஆண்டுகள். இந்தக் காலத்தில் ஓவியம் கற்கும் பொருள்கள் மாறின, முறை மாறியது, வகுப்பறைச் சுவரே மாறியது. மாறாமல் நிற்பதும் ஒன்று உண்டு. அதைச் சரியாகச் சொல்ல, மாறியவற்றை முதலில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கையில் இருந்த வண்ணம்

அன்று பெரும்பாலான கிராமத்துப் பிள்ளைகளுக்கு வண்ணம் கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. செங்கல் துண்டு சிவப்பு தந்தது. அடுப்புக்கரி கருப்பு தந்தது. மஞ்சள் கிழங்கை உரசினால் மஞ்சள், இலையைக் கசக்கித் தேய்த்தால் பச்சை. கரும்பலகைக்குக் கருமை ஏற்றுவதுகூடப் பிள்ளைகளின் வேலைதான். ஊமத்தை இலையையும் கோவை இலையையும் கரியோடு சேர்த்து அரைத்துப் பலகையில் பூசிக் காயவைப்பார்கள். எழுதும் பலகையின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பது ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. வண்ணப் பெட்டி இருந்தால் அது ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும். மற்றவர்கள் அந்தப் பிள்ளையின் மனநிலையைப் பொறுத்து ஒரு தீற்றல் சிவப்பைப் பெறுவார்கள். பாடநூலின் படங்கள் ஓரிரு வண்ணங்களில் அச்சான கோட்டுப் படங்கள். அவற்றுக்கு நிறம் ஏற்றியது குழந்தையின் கற்பனை.

இன்று அரசுப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மெழுகு வண்ணக்குச்சிகளையும் மூன்று முதல் ஐந்து வரை படிப்பவர்களுக்கு வண்ணப் பென்சில்களையும் அரசே விலையில்லாமல் தருகிறது. 2018-19இல் தொடங்கி வந்த புதிய பாடநூல்கள் பக்கத்துக்குப் பக்கம் முழு வண்ணத்தில் இருக்கின்றன. கூலி வேலைக்குப் போகிறவரின் மகளும் கடைக்காரரின் மகனும் ஒரே வகைப் பெட்டியைத் திறக்கிறார்கள். இது சிறிய மாற்றமில்லை. இரவல் வண்ணத்துக்காகக் காத்து நின்ற கையின் கூச்சம் ஒரு தலைமுறைக்குள் இல்லாமல் போனது என்றால், நலத்திட்டங்களின் பட்டியலில் இதற்கும் உரிய இடம் உண்டு.

ஆனாலும் ஒன்று குறைந்திருக்கிறது. அவரை இலையின் பச்சையும் வேப்பந்தளிரின் பச்சையும் வேறு என்று தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட கை, இன்று பெட்டியில் இருக்கும் ஒரு பச்சையை எடுத்து மரம், புல், கிளி எல்லாவற்றுக்கும் பூசுகிறது. வண்ணம் பொருளிலிருந்து பிறக்கிறது என்ற அறிவை வண்ணப் பெட்டி தானாகத் தருவதில்லை. அதை யாராவது காட்டித்தர வேண்டும்.

கரும்பலகை மாம்பழம்

அன்றைய முறை எளிமையானது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைவார். முதலில் காம்பு, பிறகு ஒரு பக்க வளைவு, அடியில் சிறு மூக்கு, மறுபக்க வளைவு. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிலேட்டில் வரைவார்கள். யாருடைய மாம்பழம் பலகையில் உள்ளதைப் போலவே இருக்கிறதோ அவர் நன்றாக வரைகிறவர். மாம்பழத்துக்குப் பின் குடம், குடத்துக்குப் பின் கிளி, கிளிக்குப் பின் மயில்.

இந்த முறையின் வேர் நீளமானது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. தொழிலுக்கு வேண்டிய துல்லியமான கைகளை உருவாக்குவது அக்காலக் கலைப் பள்ளிகளின் முதன்மையான நோக்கம். இங்கிலாந்தின் சவுத் கென்சிங்டனில் உருவான பாடமுறை அவற்றுக்கு முன்மாதிரி. தட்டையான கோட்டுப் படத்தைப் பார்த்து வரைவது முதல் படி. திண்மையான பொருளைப் பார்த்து வரைவது அடுத்த படி. நிழலும் வண்ணமும் அதற்குப் பிறகு. இந்த ஏணி நம் ஊர் ஓவியத் தேர்வுகளிலும் ஏறியது. லோயர், ஹையர் என்று மக்கள் வழங்கும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் பிரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்ற தாள்கள் அதன் தடயங்கள். அந்தத் தேர்வுகளில் தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர்கள் உயர்நிலைப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். தொடக்கப் பள்ளிக்கு அவர்கள் வரவில்லை. அவர்களின் முறை மட்டும் வந்து சேர்ந்தது.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியம் நகலெடுப்பு என்ற எண்ணத்தைச் சென்னை ஓவியர்கள் துறந்து பல்லாண்டுகள் ஆன பிறகும் கிராமத்து ஐந்தாம் வகுப்பில் மாம்பழம் மாம்பழமாகவே நீடித்தது. ஓவியரின் உலகத்துக்கும் குழந்தையின் வகுப்புக்கும் இடையே பாதை போடப்படவே இல்லை.

இந்த முறையின் முத்திரைப் படம் ஒன்று உண்டு. இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து இறங்கிவரும் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து வளைகோட்டுப் பறவைகள். மலையே கண்ணில் படாத தஞ்சைச் சமவெளியிலும், சூரியன் கடலில் எழும் நாகப்பட்டினத்திலும் குழந்தைகள் இதையே வரைந்தார்கள். கண்ணெதிரே வயலும் வாய்க்காலும் இருக்க, கண்டிராத மலை கைக்குள் புகுந்துகொண்டது. எப்படி வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லி, எதைப் பார்க்கிறாய் என்று கேட்காத கல்வியின் விளைவு அது.

ஆனால் அந்தக் கரும்பலகை ஆசிரியருக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். அச்சிட்ட படங்கள் அரிதாக இருந்த காலத்தில் இலையின் பாகங்களும் தமிழ்நாட்டு வரைபடமும் அவர் கையிலிருந்தே வந்தன. பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையில் படம் வரையப் பழகியவர்கள் அவர்கள். ஒரு கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து ஓர் உருவமாகிறது என்பதைக் குழந்தைகள் நாள்தோறும் நேரில் பார்த்தார்கள். இன்று படம் திறன்பலகையில் முழுமையாகவே தோன்றுகிறது. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வந்த பிறகு யானையும் எரிமலையும் ஒரு தொடுதலில் அசைந்து காட்டுகின்றன. தெளிவு கூடியிருக்கிறது. படம் ஒருவர் கையால் உருவாவதைப் பார்க்கும் வாய்ப்பு குறைந்திருக்கிறது.

தக்ளியும் களிமண்ணும்

ஓவியத்தோடு கைவேலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாகும். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை மையத்தில் வைத்தது. எழுத்துக்கு முன் ஓவியம் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. தம் கையெழுத்து அழகாக அமையாததை எண்ணி வருந்தியே அதை எழுதினார். சேவாகிராமில் தேவி பிரசாத் என்ற ஓவியர் 1940களிலும் 1950களிலும் குழந்தைகளோடு வேலை செய்து, கலையே கல்விக்கு அடிப்படை என்பதை நடைமுறையில் காட்டினார். தமிழ்நாட்டில் திண்டுக்கல் அருகே 1947இல் தோன்றிய காந்திகிராமம் அந்த மரபைத் தொடர்ந்தது. ஆதாரப் பள்ளிகளில் பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றார்கள், பாய் முடைந்தார்கள், தோட்டம் போட்டார்கள்.

அதே காலத்தில்தான் கைவேலையின் மேல் ஒரு கறையும் படிந்தது. 1953இல் ராஜாஜி ஆட்சியில் வந்த திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. குயவர் வீட்டுப் பிள்ளை களிமண்ணுக்கும் சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை துறைக்கும் திரும்ப வேண்டும் என்றே அது பொருள்பட்டது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள்; 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. பள்ளிக்கூடம் சாதியிலிருந்து வெளியேறும் வாசலாக இருக்க வேண்டும் என்று விரும்பிய பெற்றோருக்குக் கைத்தொழில் வகுப்பு மனத்தடையைத் தந்ததில் வியப்பில்லை. புத்தகமும் தேர்வும் மேலே போக, கைவேலை பின்னால் தங்கியது.

இன்று ஒரு வகுப்பில் களிமண் உருட்டும்போது யார் பிள்ளை எதை உருட்டுகிறது என்ற கேள்வி எழுவதில்லை. பானை செய்கிறவரின் பேரனும் அலுவலரின் பேத்தியும் சேர்ந்து பிள்ளையாரும் பேருந்தும் செய்கிறார்கள். களிமண் பிறப்பின் அடையாளம் என்ற நிலை மாறி, எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய பொருளானது. ஐம்பது ஆண்டுகளில் பெற்றவற்றுள் இதை நான் முதன்மையாகக் கருதுகிறேன். மண்தான் அரிதாகிவிட்டது. அன்று பள்ளிக்குப் பின்னால் இருந்த குளத்தங்கரைக்குப் போய் அள்ளிவந்தார்கள். இன்று நகரத்துப் பள்ளியில் பொட்டலத்தில் வரும் வண்ண மாவை அளந்து பங்கிடுகிறார்கள். பனையோலைக் காற்றாடி, பூவரசு இலை ஊதல், நுங்கு வண்டி என்று பள்ளிக்கு வெளியே குழந்தைகள் தாமே வடிவமைத்த பொருள்களும் குறைந்துவிட்டன. எந்த ஓலை மடியும், எந்த ஓலை முறியும் என்று சோதித்துப் பார்த்து, சுற்றாத காற்றாடியைத் திருத்திச் சுற்றவைத்த அந்த வேலைதான் வடிவமைப்பின் அரிச்சுவடி. அதற்கு அன்று பாடப்பெயர் இல்லை. இன்று பெயர் இருக்கிறது, வேலை குறைவு.

சுவர் கீழே இறங்கிய நாள்

உலகின் பார்வை இதற்கிடையே மாறிக்கொண்டிருந்தது. 1897இல் வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கி, அவர்களை அவர்கள் போக்கில் வரையவிட்டார். 1943இல் ஹெர்பர்ட் ரீடும் 1947இல் விக்டர் லோவன்ஃபெல்டும் எழுதிய நூல்கள், குழந்தையின் படத்துக்கு அதற்கென்றே வளர்ச்சிப் படிகள் உண்டு என்பதை ஆசிரியர் உலகத்துக்குக் கொண்டுசேர்த்தன. கிறுக்கலும் ஒரு படி. தலையிலிருந்து நேரே கால் முளைக்கும் மனிதனும் ஒரு படி. வீட்டைவிடப் பாட்டி பெரிதாக இருந்தால் அது பிழையில்லை. குழந்தைக்கு யார் முக்கியம் என்பதை அது சொல்கிறது. டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949இல் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி, குழந்தையின் படம் பார்க்கத்தக்கது, அச்சிடத்தக்கது என்ற எண்ணத்தை இந்தியாவில் பரப்பியது.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக்குள் இந்த எண்ணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக வந்தது செயல்வழிக் கற்றலோடுதான். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08க்குள் மாநிலம் முழுவதும் அது பரவியது. அட்டைகளும் ஏணிப்படிகளும் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். ஓவியத்தின் பக்கம் நின்று பார்த்தால் முக்கியமானவை வேறு இரண்டு. சுவரின் கீழ்ப்பகுதியில், தரையில் உட்கார்ந்த குழந்தையின் கை எட்டும் உயரத்தில், கருப்பு வண்ணம் பூசிக் குழந்தைகள் எழுதவும் வரையவும் இடம் ஒதுக்கினார்கள். தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, அவர்களின் படைப்புகளைத் தொங்கவிட்டார்கள்.

அதுவரை கரும்பலகை ஆசிரியரின் தோள் உயரத்தில் இருந்தது. குழந்தை அதைத் தொட்டது அழிப்பதற்காக, அல்லது அழைக்கப்பட்டுத் தயங்கித் தயங்கி எழுதுவதற்காக. சுவர் கீழே இறங்கியபோது வகுப்பறையின் ஒரு பங்கு குழந்தைக்குச் சொந்தமானது. காய்ந்த பூவின் இதழ்களை ஒட்டிய தாளும், வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்துப் பதித்த நட்சத்திரங்களும், நூலை வண்ணத்தில் நனைத்து இழுத்த கோலங்களும் தலைக்கு மேல் ஆடின. பார்த்து வரையும் மாம்பழத்தின் ஆட்சி முதன்முறையாகத் தளர்ந்தது அப்போதுதான்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பெருந்தொற்றால் விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் மீட்பதற்காக வந்தது. அதன் வகுப்பறையிலும் கதைக்கும் பாட்டுக்கும் பக்கத்தில் படைப்புக் களம் என்று ஓர் இடம் இருக்கிறது. வாரந்தோறும் அளவிடப்படுவது வாசிப்பும் எண்ணும் என்பதால் ஆசிரியரின் கவனம் இயல்பாகவே அங்கே போகிறது. இடம் ஒதுக்கப்பட்ட அளவுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

புள்ளியும் கட்டமும்

வடிவமைப்பை எந்தப் பள்ளியும் கற்பிக்காத காலத்திலும் தமிழ்க் குழந்தைகள் அதை வாசலில் கற்றார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை அக்காவின் பின்னால் உட்கார்ந்து நேர்ப்புள்ளியும் சந்துப்புள்ளியும் வேறுபடுவதைப் பார்த்தாள். ஏழு வயதில் அதையே சிலேட்டின் பின்பக்கத்தில் சிறிதாக்கிப் போட்டாள். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சமச்சீர், திரும்பத் திரும்ப வரும் அமைப்பு, இடம் நிரப்புதல், அளவை மாற்றினாலும் விகிதம் மாறாமை என்று இன்று பாடத்திட்டங்கள் சொல்வனவெல்லாம் அந்தச் சிலேட்டில் இருந்தன. அன்றைய பள்ளி அதைப் பாடமாகக் கண்டுகொள்ளவில்லை. பையன்கள் அதைத் தொடவும் இல்லை.

இன்று தொடக்கக் கணக்குப் பாடநூலில் ‘அமைப்புகள்’ தனிப் பகுதியாக இருக்கிறது. கோலமும் தரை ஓடும் பாயின் பின்னலும் அதில் எடுத்துக்காட்டுகள் ஆகின்றன. புள்ளித் தாளில் மாணவனும் மாணவியும் சேர்ந்தே போடுகிறார்கள். வீட்டு வாசல் வழியாகப் பெண்களுக்கு மட்டும் வந்த அறிவு, பள்ளி வழியாக இருவருக்கும் போகிறது. ஆனால் அடுக்ககக் கதவுகளில் ஒட்டுக்கோலம் வந்த பிறகு, நாள்தோறும் புதிதாகப் போட்டு மறுநாள் மாற்றிப்போடும் பயிற்சி பல வீடுகளில் நின்றுபோனது. பாடநூலில் ஒருமுறை வரும் அமைப்பு, வாசலில் ஆண்டுக்கு முந்நூறு முறை வந்த பயிற்சிக்கு ஈடாகாது.

மேடையும் திரையும்

அன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் படத்துக்குக் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு, ஆசிரியர் சிலேட்டைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டுவது. 2022-23இல் ஆறாம் வகுப்பு முதல் படிப்பவர்களுக்காக அரசு தொடங்கிய பள்ளிக் கலைத் திருவிழா, இன்று ஒன்றாம் வகுப்பு வரை இறங்கிவந்திருக்கிறது. வண்ணம் தீட்டுவதிலும் களிமண் உருவங்களிலும் குழந்தைகள் பரிசு பெறுகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பினருக்காக அரசு நடத்தும் ஊஞ்சல் இதழில் ஊர்ப் பெயரோடு அவர்கள் படங்கள் வருகின்றன. ஊராட்சிப் பள்ளிக் குழந்தை தன் பெயரை அச்சில் பார்ப்பதன் மதிப்பை எடைபோட எந்த அளவுகோலும் போதாது.

நகரங்களில் வார இறுதி ஓவிய வகுப்புகள் பெருகியிருக்கின்றன. கட்டணம் செலுத்த முடிந்த வீட்டுக் குழந்தை ஆறு வயதிலேயே நிலை நிலையாகச் சான்றிதழ் வாங்குகிறது. கைப்பேசியில் யானை வரைவது எப்படி என்று கேட்டால் பத்துப் படிகளில் காட்டும் காணொளிகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. அவற்றைப் பார்த்து வரையும் குழந்தையின் யானை மிக அழகாக இருக்கிறது. ஆனால் அதே காணொளியைப் பார்த்த எல்லாக் குழந்தைகளின் யானையும் அதே யானை. அன்று ஊருக்கு ஒரு கரும்பலகை மாம்பழம் இருந்தது; இன்று உலகம் முழுவதற்கும் ஒரு யானை இருக்கிறது. நகலெடுக்கும் பழக்கம் போகவில்லை, அதன் பரப்புதான் விரிந்திருக்கிறது. கோடு அச்சிடப்பட்டு, நிறம் மட்டும் குழந்தைக்கு விடப்படும் வண்ணப் புத்தகங்களும் இந்த வகைதான். எல்லையைத் தாண்டாமல் நிரப்பும் பொறுமை அதில் வளர்கிறது. எல்லையைத் தானே போடும் துணிவு வளர்வதில்லை.

யார் கற்பிப்பது

மாறாத ஒன்றுக்கு இப்போது வருவோம். அன்றும் இன்றும் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைச் சொல்கிறது. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 100 குழந்தைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதத்துக்கு 5,000 ரூபாய் ஊதியம். படிப்படியாக அது 10,000 ஆகி, பின்னர் 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் நின்ற ஆண்டுகள் பல. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு அந்தப் பகுதிநேரக் கைகூட நீளவில்லை.

மாநிலத்தில் 24,000க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும் பள்ளியில், தமிழும் கணக்கும் ஆங்கிலமும் சூழ்நிலையியலும் பதிவேடும் செயலியும் போக, ஓவியத்துக்கு என்ன மிஞ்சும்? ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று சட்டம் கணக்கிடுகிறது. அதில் வாரம் ஒரு மணி நேரம் ஓவியத்துக்கு உண்மையாகக் கிடைத்தாலே ஆண்டுக்கு 40 மணி நேரம் ஆகும். பல பள்ளிகளில் கால அட்டவணையில் இருக்கும் அந்த மணி, தேர்வு நெருங்கும்போது கணக்குக்குப் போய்விடுகிறது. அன்றும் அப்படித்தான் போனது.

ஆகவே கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்தவை பொருள்கள், இடங்கள், மேடைகள். வராதது, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும், அவர் பார்ப்பதற்கான நேரமும். வகுப்பாசிரியர்களில் தாமாகவே இதைச் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பழைய நாளிதழை நனைத்து முகமூடி செய்ய வைக்கிறார்கள். மலைப் படத்தோடு வரும் குழந்தையை வாசலுக்கு அழைத்துப்போய், இங்கே என்ன தெரிகிறது, அதை வரை என்கிறார்கள். என்ன படம் இது என்று குழந்தையை மடக்காமல், இதைப் பற்றிச் சொல் என்று கேட்கிறார்கள். அவர்கள் வகுப்பில் ஆற்றங்கரைக் குடிசை மறைந்து, தண்ணீர் லாரியும் கோயில் தேரும் ரேஷன் கடை வரிசையும் தாளில் வருகின்றன. அந்த வகுப்புகளில் நடப்பது அந்தந்த ஆசிரியரின் ஆர்வத்தால் நடக்கிறது. அவர் இடமாறுதலில் போனால் அதுவும் போய்விடுகிறது.

அழிந்த சிலேட்டுப் படத்தை நினைத்து ஏங்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் குழந்தைகளில் பலர் வண்ணப் பெட்டியைத் தொடாமலே ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர்கள். இன்றைய குழந்தை நிற்கும் இடம் பெரும்பாலும் மேலானது. அதனாலேயே மீதியுள்ள ஒரு படியைக் கேட்கும் துணிவு வருகிறது. நான்கைந்து பள்ளிகளுக்கு ஓர் ஓவிய ஆசிரியர், முழுநேர ஊதியத்தோடு, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் என்று அமர்த்தலாம். பள்ளிகளை இணைக்கும் குறுவள மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஓவியத் தேர்வில் தேறியவர்களும் சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளில் படித்தவர்களும் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் வகுப்பாசிரியரோடு சேர்ந்து ஆண்டுக்கு 40 மணி நேரத்தைக் காத்து நின்றால், கரும்பலகை ஆசிரியரின் கைத்திறனும் கம்பிப் பந்தலின் சுதந்திரமும் ஒரே வகுப்பில் சேரும். வண்ணப் பெட்டிக்கு ஆண்டுதோறும் செலவழிக்கும் அரசு, அதைத் திறந்த குழந்தை என்ன வரைந்தது என்று பார்க்கும் ஒருவருக்கும் செலவழிக்க வேண்டும்.